கோமதியின் கொம்பு தனியாக நிற்கிறது: கட்டிங் மெஷினுக்குத் தமிழ் ஃபாண்ட்

கேள்வி, ஜனவரி 8

அக்கா, ஸ்டிக்கர் வெட்டும் சின்ன மெஷின் ஒன்று வீட்டுக்கு வாங்கியிருக்கிறேன். மாசியில் எங்கள் அண்ணிக்கு வளைகாப்பு. வளையல் டப்பா 60, ஒவ்வொன்றிலும் ‘கோமதி’ என்று வினைலில் வெட்டி ஒட்ட வேண்டும். பதினைந்து தமிழ் ஃபாண்ட் இறக்கினேன். பாதி லிஸ்டிலேயே வரவில்லை. வந்தவற்றில் அடித்தால் க முதலில் வருகிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வேர்டில் அடித்தால் அதே ஃபாண்ட் ஒழுங்காக இருக்கிறது. ஃபாண்ட்கள்தான் மட்டம் என்று நினைக்கிறேன். மெஷினுக்கு ஏற்ற நல்ல தமிழ் ஃபாண்ட் ஒன்று சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு

ஃபாண்ட் மட்டமில்லை தங்கச்சி. வேர்டில் சரியாக வருகிறதே, அதுவே சாட்சி.

எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பொதுக் குறியீடு யூனிகோட். அதில் ‘கோ’ என்பது க, அதன் பின் ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் உள்ளே இருக்கும். இரட்டைக் கொம்பை எடுத்து க-வுக்கு முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைப்பது ஃபாண்டும் மென்பொருளும் சேர்ந்து செய்கிற வேலை. எப்படி அடுக்க வேண்டும் என்ற விதி ஃபாண்டுக்குள் இருக்கிறது. அதைப் படித்து அடுக்கத் தெரிந்த மென்பொருளாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலையே இல்லை, எழுத்தை வரிசையாக வைத்தால் முடிந்தது. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துச் செய்த மென்பொருளில் நம் கொம்பு இப்படித்தான் தவிக்கும். ‘கு’ அடித்துப் பார். அதுவும் க தனியாக, சுழி தனியாக நிற்கும்.

மெஷினோடு வந்த சாஃப்ட்வேரில் தமிழ் அடிக்காதே. இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளை இறக்கிக்கொள், காசில்லை. அதில் பெயரை அடித்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து வெறும் கோடாக மாறிவிடும். எஸ்.வி.ஜி ஆகச் சேமித்து மெஷின் சாஃப்ட்வேரில் திற. கோடாக மாறிய பிறகு அதற்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஜனவரி 9

லிஸ்டில் வராத பாதிக்கு பதில் சொல்ல நேற்று விட்டுப்போனது.

ஒன்று, ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்திருப்பாய். முதலில் முழுவதையும் பிரித்து ஒரு ஃபோல்டரில் போடு. டி.டி.எஃப் (ttf) அல்லது ஓ.டி.எஃப் (otf) என்று முடிகிற கோப்பு வேண்டும். வோஃப் (woff) என்று முடிவது இணையப் பக்கங்களுக்கானது, அதை விண்டோஸில் நிறுவ முடியாது.

இரண்டாவதுதான் பலரை நாள் கணக்கில் அலைய விடுவது. விண்டோஸ் 10-இல் 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, வலது க்ளிக் செய்து வெறும் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் ஃபாண்ட் உன் கணக்குக்கு மட்டும், வேறொரு ஃபோல்டரில் போய் உட்காரும். சில மென்பொருள் அந்த ஃபோல்டரை எட்டிப் பார்ப்பதே இல்லை. ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடு. விண்டோஸ் 11-இல் அது முதல் மெனுவில் தெரியாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கும். அப்புறம் மென்பொருளை மூடித் திற. திறந்தபடி இருக்கும் மென்பொருளில் புது ஃபாண்ட் பெரும்பாலும் வராது.

நான் கம்ப்யூட்டர் ஒன்றையே திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தது இதனால்தான். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஜனவரி 9, மதியம்

மேக் வைத்திருப்பவர் கேட்டிருந்தார். கோப்பை இரண்டு முறை தட்டினால் ஃபாண்ட் புக் திறக்கும், அங்கே நிறுவலாம். அவ்வளவுதான்.

ஜனவரி 11

சரி, எந்த ஃபாண்ட் என்ற கேள்விக்கு வருகிறேன்.

திரையில் பார்த்து முடிவு செய்யாதே. திரையில் அழகாக இருந்த எத்தனையோ எழுத்து என் கத்தியில் கிழிந்திருக்கிறது. நான் புது ஃபாண்ட் எதை நிறுவினாலும் முதலில் ‘ஸ்ரீகௌரி கொடி தூது’ என்று அடிப்பேன். அர்த்தம் பார்க்காதீர்கள். ஸ்ரீ கூடுகிறதா, ஔகாரம் சரியா, கொம்பு முன்னால் வருகிறதா, டி-யின் வளைவு சேர்கிறதா, தூ முழுதாக இருக்கிறதா என்று ஐந்தும் ஒரே வரியில் தெரிந்துவிடும். பிறகு ஒட்ட வேண்டிய அளவிலேயே ஒரு பெயரை மிச்ச வினைலில் வெட்டிப் பார்ப்பேன்.

நான் வெட்டிப் பார்த்தவரை:

பலூ தம்பி 2. சின்ன டப்பாவுக்கு இதைத்தான் முதலில் எடுப்பேன். தடித்த உடம்பு, முனையெல்லாம் உருண்டை, கத்தி தடங்காமல் திரும்பும். குழந்தை பெயர், பிறந்தநாள், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். துக்க வீட்டுக்கு ஆகாது. ஒருமுறை நினைவஞ்சலிப் பலகைக்கு இதைப் போட்டுவிட்டு, பார்த்ததும் மனசு ஒப்பாமல் பிரித்து எடுத்தேன்.

முக்த மலர். மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஏழு எடை உண்டு. வீட்டுப் பெயர்ப் பலகை, கடைக் கண்ணாடி என்று தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எதற்கும் இது.

கட்டமரான். நம் கட்டுமரத்தின் பெயர்தான். ஒன்பது எடை. அதன் மெல்லிய எடைகள் திரையில் மனதை இழுக்கும். ஆனால் ஓர் அங்குல உயர எழுத்தில் வெட்டினால் நூல் மாதிரி வரும், ஒட்டும்போது நெளியும். தடித்ததை எடு.

கவிவனார். கையெழுத்து மாதிரி லேசாகச் சாய்ந்தது, ஒரே எடை. நன்றி அட்டைக்கும் தாம்பூலப் பைக்கும் நன்றாக இருக்கிறது. அரை அங்குலத்துக்குக் கீழே வேண்டாம்.

டிரோ தமிழ். பழைய அச்சுப் புத்தக முகம். கல்யாண அழைப்பிதழில் அச்சடிக்க அருமை. வெட்டுவதற்கு இல்லை. மெல்லிய இடமும் தடித்த இடமும் மாறி மாறி வரும், மெல்லிய இடத்தில் அறுந்துவிடும்.

எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் காசில்லாமல் கிடைக்கின்றன. ‘கோமதி’க்கு பலூ தம்பி.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். அதைப் படித்து ஒருவர் வெட்டியிருக்கிறார், எழுத்துக்குள்ளே குறுக்குக் கோடும் விழுந்து வினைல் துண்டு துண்டாக வந்ததாம். தவறு அவருடையதில்லை, நான் சொல்லாததுதான்.

கூகுளிலிருந்து இறக்கும் ஜிப்பில் பல சமயம் ‘வேரியபிள்’ என்று பெயரில் சேர்ந்த கோப்பு ஒன்று இருக்கும், ‘ஸ்டாட்டிக்’ என்று தனி ஃபோல்டரும் இருக்கும். வேரியபிள் என்றால் எல்லா எடையும் ஒரே கோப்பில். அந்த வகையில் எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடியே பெரும்பாலும் இருக்கும். அச்சடித்தால் கறுப்பின் மேல் கறுப்பு, தெரியாது. கத்திக்கோ இரண்டு பாகமும் இரண்டு கோடு, இரண்டையும் வெட்டும்.

ஸ்டாட்டிக் ஃபோல்டரில் இருக்கிற போல்டு கோப்பை மட்டும் நிறுவு. எதை நிறுவினாலும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தபின் குழுவைப் பிரித்து, ‘யூனியன்’ கொடு. ஏறியிருக்கும் பாகமெல்லாம் ஒன்றாகிவிடும். யூனியன் கொடுக்காமல் நான் எதையும் மெஷினுக்கு அனுப்புவதில்லை.

இன்னொன்று. இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கு வைக்கும். சில மென்பொருள் 72 என்று படிக்கும். நீ 3 அங்குலத்துக்கு வைத்த பெயர் அங்கே 4 அங்குலமாக நிற்கும். வெட்டும் முன் அகலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்.

ஜனவரி 15

பொங்கல் வேலை ஓய்ந்தது. கேக் மேல் குத்தும் அக்ரிலிக் பெயருக்குப் புள்ளி எப்படி நிற்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நிற்காது. தமிழில் கைவேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற ஆகப் பெரிய சிக்கல் இந்தப் புள்ளிதான். வினைலில் ஒட்டும்போது பரவாயில்லை, மாஸ்கிங் டேப் அதையும் தூக்கிக்கொண்டு வரும். ஆனால் புள்ளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கழிவை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். என் மேஜை விளிம்பில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஒட்டியிருக்கும். சின்ன எழுத்தானால் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து கால் பங்கு பெரிதாக்கிவிடுவேன். கண்ணுக்கு உறுத்தாது.

அக்ரிலிக், எம்.டி.எஃப் பலகை, கெட்டி அட்டை என்று தனியே நிற்க வேண்டியவற்றில் புள்ளிக்குப் பாலம் போட வேண்டும். 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னச் செவ்வகம் வரைந்து, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே வைத்து யூனியன் கொடு. பாலம் அசிங்கமாகத் தெரிந்தால் புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையிலேயே உட்கார வை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டுமென்றால் இடைவெளியைக் குறைப்பதைவிட அடியில் ஒரு பட்டை ஓட்டுவது நல்லது. இடைவெளியைக் குறைத்தால் ‘ரா’ போன்றவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து படிக்க முடியாமல் போகும்.

ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். அதனால் பின்னால் வந்து படித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோமதியின் இரட்டைக் கொம்புக்கும் இதில் ஒரு கதை உண்டு. குறிலா நெடிலா என்பதையும் அப்போது புள்ளிதான் காட்ட வேண்டும், கொ-வுக்குப் புள்ளி, கோ-வுக்கு இல்லை. நெடிலுக்கு இரட்டைக் கொம்பு என்று 18ஆம் நூற்றாண்டில் மாற்றியவர் வீரமாமுனிவர் என்பார்கள். புள்ளி விழுந்தாலும் பெயர் மாறாத எழுத்து ஒன்று நமக்குக் கிடைத்தது அப்படித்தான். புள்ளி ஒட்டுகிற வேலையில் இருக்கிறவளுக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஜனவரி 16

ஸ்டென்சிலைப் பற்றிச் சொல்ல மறந்தேன். சுவரில் சாயம் அடிக்க எழுத்தை ஓட்டையாக வெட்டினால் க, த, வ, ண, ல எல்லாவற்றிலும் உள்ளே அடைபட்ட துண்டு கழன்று விழுந்துவிடும். ட, ப, ர பிழைத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு மேலே சொன்ன பாலத்தைத் தலைகீழாகப் போடு: செவ்வகத்தை எழுத்திலிருந்து கழி.

ஜனவரி 19

ஜனவரி 8-இல் மெஷின் சாஃப்ட்வேரில் தமிழ் அடிக்காதே என்று அடித்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அண்ணா, தான் பாமினி ஃபாண்டில் அதே மாதிரி சாஃப்ட்வேரில் நேரடியாக அடித்து வெட்டுவதாகவும் கொம்பு ஒருநாளும் இடம் மாறியதில்லை என்றும் எழுதினார். முதலில் நம்பவில்லை. நேற்று உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி.

யோசித்தால் காரணம் தெளிவு. பாமினி யூனிகோடுக்கு முந்திய ஏற்பாடு. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிறார்கள். கொம்பு ஒரு விசை, க ஒரு விசை, கால் ஒரு விசை, கண்ணில் தெரிகிற வரிசையிலேயே அடிக்க வேண்டும். மென்பொருளுக்கு அது ஆங்கிலம், வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடும். தமிழ் தெரியாத மென்பொருளில் தமிழை ஒழுங்காக நிறுத்துவது, எல்லோரும் தூக்கிப் போடச் சொன்ன இந்தப் பழைய ஏற்பாடுதான். நானும் தூக்கிப் போடச் சொன்னவள். என் பழைய சிடியில் இருந்த நூற்றுச்சொச்சம் ஃபாண்டை மூன்று வருடம் முன்னால் அழித்தேன். இப்போது வருத்தமாக இருக்கிறது.

பாமினி விசைப்பலகை தெரியாவிட்டாலும் செய்யலாம். யூனிகோடில் அடித்து, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு, பாமினிக்கு மாற்றி ஒட்டு. ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஃபாண்டைப் பாமினி வகைக்கு மாற்றியதும் தமிழாகிவிடும்.

ஜனவரி 20

அவசரமாக ஒரு எச்சரிக்கை. பாமினிக்கு மாற்றியதை நடுவில் வேர்டில் வைக்காதீர்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே த, பெரிய ஜே து. ‘தமிழ்’ என்று கொண்டுபோனது ‘துமிழ்’ என்று வரும். நோட்பேடில் வையுங்கள்.

அப்புறம், இரண்டு வழியில் எது பிடிக்கும் என்று கேட்டால் எனக்கு இன்னும் இங்க்ஸ்கேப்தான். புள்ளியைப் பெரிதாக்க, பாலம் போட அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. 60 டப்பாவிலும் வேறு வேறு பெயர் என்றால் பாமினி வழி வேகம்.

ஜனவரி 26

இது ஃபாண்ட் இல்லாமல் செய்த வேலை. எண்பது தாண்டிய ஒரு பெரியவர் வீட்டுக்குப் பலகை கேட்டார், ‘அண்ணாமலை இல்லம்’. நான் முக்த மலரில் வெட்டி எடுத்துப் போனேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எழுத்து நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா இது எங்க அப்பா பேரு மாதிரி இல்ல” என்றார். உள்ளே போய்ப் பழைய எனாமல் பலகையை எடுத்து வந்தார். ணா ஒரே எழுத்தாகச் சுருண்டிருந்தது. லை-யின் ஐகாரம் யானைத் தும்பிக்கை மாதிரி ல-வின் தலையிலேயே ஏறியிருந்தது.

தமிழ்நாட்டில் 1978-இல் அரசாணை போட்டு மாற்றிய எழுத்துகள் இவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் அதில் அடக்கம். நான் வைத்திருக்கிற ஃபாண்ட் எதிலும் பழைய வடிவம் இல்லை. பலகையைப் படம் எடுத்து, இங்க்ஸ்கேப்பில் அடியில் வைத்து, அந்த இரண்டு எழுத்தையும் பேனாக் கருவியால் மேலே வரைந்தேன். வரைந்ததைவிட, மற்ற எழுத்துகளின் தடிமனுக்கு இதைக் கொண்டுவரத்தான் நேரம் பிடித்தது. மூன்று முறை வெட்டினேன். இரண்டாவதில் தும்பிக்கை மெலிந்து ஒடிந்தது.

அவர் விரலால் அந்த லை-யைத் தடவிப் பார்த்தார். கூலிக்கு மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

பிப்ரவரி 2

பெயர்ப் பட்டியல் வாங்குகிறவர்களுக்கு. ஃபாண்ட் சரியாக இருந்தும் பெயர் தப்பாகிற இடங்கள் இவை, எல்லாமே என் வீட்டில் நடந்தவை.

வாட்ஸப்பில் ஆங்கிலத்தில் அனுப்பிய பெயரை நாமாகத் தமிழாக்கக் கூடாது. ‘வள்ளி’யை ‘வல்லி’ என்று 40 டப்பாவில் வெட்டியிருக்கிறேன். தமிழிலேயே எழுதி, முடிந்தால் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழில் வந்தாலும் நம்பாதீர்கள். ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் தனித்தனியாக அடித்து ‘கெளரி’ என்று அனுப்புவார்கள். போனில் வித்தியாசம் தெரியாது. வெட்டும்போது ள பெரிதாக நின்று ‘கெ-ள-ரி’ என்று படிக்க வைக்கும். அதேபோல ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்த்து ‘குமாா்’ என்று வரும். ர-வின் அடி சாய்ந்திருக்கிற ஃபாண்டில் இந்தத் தப்பு பளிச்சென்று தெரியும். வந்ததை ஒட்டாமல் நாமே ஒருமுறை அடிப்பதுதான் வழி.

ஸ்ரீ கூடாமல் ‘ஸ்’ தனியாக, ‘ரீ’ தனியாக நின்றால் பதற வேண்டாம். ஸ போட்டு அடிப்பது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டு அடிப்பது இன்னொன்று. ஃபாண்டுக்கு ஃபாண்ட் மாறும். ஒன்று உடைந்தால் மற்றதை அடித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 3

விற்கலாமா என்ற கேள்வி நாலு பேரிடமிருந்து வந்துவிட்டது. ஜனவரி 11-இல் சொன்ன ஐந்தும் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வந்தவை. அவற்றால் செய்த பொருளைத் தாராளமாக விற்கலாம். ஃபாண்டை மட்டும் தனியே விற்கக் கூடாது. ‘பெர்சனல் யூஸ்’ என்று போட்டிருக்கும் ஃபாண்டில் ஆர்டர் வேலை செய்யாதீர்கள். டி.டி.பி கடையில் காப்பி எடுத்த சிடிக்கும் இதேதான். ஓர் எழுத்துக் குடும்பத்தை வரைந்து முடிக்க மாதக் கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டே எழுத்து வரைந்ததில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 21

தங்கச்சி டப்பா படம் அனுப்பியிருக்கிறாள். அறுபதும் ஒரே மாதிரி, இரட்டைக் கொம்பு க-வுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிறது. பச்சை டப்பாவில் தங்க நிற வினைல், நல்ல தேர்வு.

ஒன்று மட்டும். மூன்றாவது வரிசையில் இரண்டு டப்பாவில் தி-யின் வளைவு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. விசேஷத்துக்கு முந்தின இரவு துணி போர்த்திக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிடு. டப்பாவில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் பிடிக்காது, முதலில் துடைத்துக்கொள்.